சம்பளப் பிடித்தமும் உரிமையும்: அயல்நாட்டில் உழைக்கும் பட்டதாரி மாணவர் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

உயர்கல்வியை நாடி அயல்நாடு சென்று, பட்டம் பெற்றபின் சில ஆண்டுகள் அங்கேயே தொழில் புரியும் இளைஞரைப் பற்றி நம்மிடையே எழுதப்படுவன பெரும்பாலும் ‘மூளைசாலிகள் வெளியேற்றம்’ என்னும் தலைப்பின் கீழேயே அமைந்துவிடுகின்றன. அவர் திரும்பி வருவாரா, வரமாட்டாரா என்பதே அவ்வெழுத்துகளின் வினாவாகும். அவர் அங்கு உழைக்கும் காலத்தில் மாதந்தோறும் அவரது சம்பளத்திலிருந்து எது பிடிக்கப்படுகின்றது, அப்பிடித்தத்துக்கு ஈடாக அவர் பெறும் உரிமை யாது, எதுவும் பிடிக்கப்படாதவிடத்து அதனால் நன்மையடைவோர் யாவர் என்னும் வினாக்கள் வரி ஆலோசகரின் மேசைக்குரியனவாகக் கருதப்பட்டு, சமூக வரலாற்றாய்வின் எல்லைக்கு வெளியே விடப்பட்டுள்ளன. இவ்வினாக்கள் வரலாற்றுக்குரியன என்பதையும், தமிழ் பேசும் மக்களின் புலம்பெயர் உழைப்பின் வரலாற்றிலேயே அவற்றுக்கு முன்வடிவங்கள் உள்ளன என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். வருமான வரி அரசின் பொதுச் செலவுக்காக அறவிடப்படுவது. அதனைச் செலுத்துவோர்க்குத் தனிப்பட்ட கைம்மாறு எதுவும் வாக்களிக்கப்படுவதில்லை. சம்பளத்தின்மீது விதிக்கப்படும் சமூகக் காப்புறுதி அறவீடோ வேறு வகையைச் சார்ந்தது. தொழிலாளியும் தொழில்வழங்குநரும் ஆளுக்கொரு பங்காகச் செலுத்தும் இவ்வறவீட்டின் பின்னால் முதுமையில், நோயில், அங்கவீனத்தில் உதவி கிடைக்கும் என்னும் ஒரு வாக்குறுதி உண்டு. ஆகவே வருமான வரியைப் பொறுத்தமட்டில் “எவ்வளவு?” என்பது முதன்மையான கேள்வி, சமூகக் காப்புறுதியைப் பொறுத்தமட்டில் “எதற்கு ஈடாக?” என்பதே முதன்மையான கேள்வி.

ஒலுவிலை மையமாகக் கொண்டு இவ்விடயத்தை நோக்குதற்குக் காரணம் உண்டு. போரினால் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கல்வியைத் தொடர இயலாதுபோன முஸ்லிம் மாணவரின் நிலைமையைப் பின்னணியாகக் கொண்டு, 1995 ஒக்ரோபரில் அட்டாளைச்சேனையில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி நிறுவப்பட்டது. 1996 மேயில் அது தென்கிழக்குப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்த்தப்பட்டு, பின்னர் ஒலுவிலில் நிலைகொண்டது. இம்முயற்சியில் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் பங்கு யாவரும் அறிந்ததே. மருதமுனை முதல் பொத்துவில் வரையான இக்கரையோரத்தில் நெல்லும் மீனும் நெசவுமே நீண்டகாலம் வாழ்வாதாரங்களாய் இருந்தன. 1970களின் பிற்பகுதியிலிருந்து வளைகுடா நாடுகளின் உழைப்பும் அவற்றோடு சேர்ந்தது. தந்தையர் வளைகுடாவில் உழைத்த பணத்திற் கற்ற தலைமுறையினர் இன்று பட்டதாரிகளாகி, மேற்படிப்புக்காக ஐக்கிய அமெரிக்காவுக்கும் பிரித்தானியாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் செல்கின்றனர். தந்தையின் உழைப்பும் மக்களின் உழைப்பும் ஒரே வினாவின் இரு வடிவங்கள் என்பது பின்னர் விளங்கும்.

1. நிலத்தைத் தொடர்ந்த வரியும் ஆளைத் தொடர்ந்த வரியும்

பிரித்தானியர் ஆட்சியில் இலங்கை விவசாயி அறிந்திருந்த பெரும் வரி நெல்வரியேயாகும். விளைச்சலில் ஒரு பங்காகவோ அதன் பெறுமதியாகவோ அறவிடப்பட்ட அவ்வரி, கடும் எதிர்ப்பின் பின் 1892இல் நீக்கப்பட்டது. கீழ்மாகாணத்து வட்டைகளில் போடியாராயினும் முல்லைக்காரராயினும் அவரவரைப் பாதித்த வரி நிலத்தையும் விளைச்சலையும் தொடர்ந்த ஒன்றாகவே இருந்தது. 1932ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வருமான வரிக் கட்டளைச் சட்டத்துடன் வரி ஆளைத் தொடரத் தொடங்கியது. ஆயினும் அது மிகச் சிலரையே பாதித்தது. சாதாரணத் தொழிலாளியின் சம்பளத்தில் மாதந்தோறும் கைவைக்கும் ஏற்பாடு 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்துடனேயே பரவலாயிற்று. தொடக்கத்தில் ஊழியர் நூற்றுக்கு 4உம் தொழில்வழங்குநர் நூற்றுக்கு 6உம் செலுத்தினர். இன்று அவ்வீதங்கள் முறையே 8உம் 12உம் ஆகும். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்வழங்குநர் மேலும் நூற்றுக்கு 3 செலுத்துகின்றார்.

இலங்கையின் சேமலாப நிதியில் ஒவ்வோர் ஊழியருக்கும் தனிக் கணக்கு உண்டு. செலுத்திய பணம் வட்டியுடன் அவர் பெயரில் நிற்கும். அவர் நாட்டை விட்டு நிரந்தரமாக வெளியேறினால் அதனை மீளப் பெறலாம். மேலைநாடுகள் பலவற்றின் காப்புறுதி முறை இத்தகையதன்று. அங்கு இன்றைய உழைப்பாளியின் செலுத்துகை இன்றைய முதியவரின் ஓய்வூதியமாகச் செல்கின்றது. செலுத்தியவர் தமக்குரியதைப் பெறுவதற்குக் குறித்த ஆண்டுகள் உழைத்திருத்தல் வேண்டும். இவ்வேறுபாடு புலம்பெயர்ந்து உழைப்போர்க்கு எத்துணை முக்கியமானது என்பதை மலாயாவின் வரலாற்றிலிருந்து தொடங்கி நோக்குவோம்.

2. கூலியின் தலையில் விதிக்கப்பட்ட அறவீடு

மலாயாத் தோட்டங்களுக்குத் தென்னிந்தியத் தொழிலாளரைக் கொணர்வதில் தோட்டத்துரைமாரிடையே ஒரு முரண்பாடு இருந்தது. கங்காணியை அனுப்பி, கப்பற் கட்டணம் கொடுத்து ஆட்சேர்ப்பவர் ஒருவர். சற்றுக் கூடுதலான கூலி காட்டி அவ்வாட்களைத் தம் தோட்டத்துக்கு இழுத்துக்கொள்பவர் மற்றொருவர். இம்முரண்பாட்டைத் தீர்க்கும் பொருட்டு 1907இல் தமிழ்க் குடிவரவு நிதி என ஒன்று சட்டத்தால் நிறுவப்பட்டது. தென்னிந்தியத் தொழிலாளரைப் பயன்படுத்தும் தொழில்வழங்குநர் ஒவ்வொருவரும், தம்மிடம் அத்தொழிலாளர் வேலைசெய்த நாட்களின் எண்ணிக்கைக்கேற்ப, காலாண்டுதோறும் ஓர் அறவீட்டை அந்நிதிக்குச் செலுத்த வேண்டியிருந்தது. ஆட்சேர்த்தவர், சேர்க்காதவர் என்ற பேதமின்றி யாவரும் செலுத்தினர். சில ஆண்டுகளில் அது இந்தியர் குடிவரவு நிதி எனப் பெயர்மாற்றம் பெற்றது.

இது தன் தன்மையில் ஒரு சம்பள வரியே என்பதைக் கவனித்தல் தகும். உழைப்பின் அளவே அதன் அடிப்படை. தொழில்வழங்குநரே அதனைச் செலுத்துபவர். தொழிலாளியின் இனமே அதன் எல்லை. அந்நிதி எதற்குச் செலவாயிற்று? பெருமளவுக்கு மேலும் தொழிலாளரைக் கொணர்வதற்கே செலவாயிற்று. கப்பற் பயணம், தமிழகக் கரையில் ஆட்களைத் தங்கவைத்த முகாம்கள், கங்காணிக்குரிய படிகள் என்பவற்றுக்கு அது பயன்பட்டது. முதியோரும் வலுவிழந்தோரும் தங்கும் இல்லத்துக்கும், 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தின்போது வேலையிழந்தோரைத் திருப்பியனுப்புதற்கும் ஒரு பகுதி செலவாயிற்று. எனினும் தொழிலாளி தனது பெயரில், தனது உழைப்புக்குரியதாக, கேட்டுப் பெறக்கூடிய உரிமை எதனையும் அந்நிதி அவருக்கு வழங்கவில்லை. தேவைப்பட்டபோது கொணர்தற்கும் தேவையற்றபோது அகற்றுதற்கும் உரிய செலவு அவரது உழைப்பைக் கணக்கிட்டே திரட்டப்பட்டது எனலாம்.

1938இல் இந்திய அரசு மலாயாவுக்கான உதவிபெற்ற குடிபெயர்வைத் தடைசெய்தபின் ஆட்சேர்ப்புக்கான தேவை அற்றது. எஞ்சிய நிதி 1958இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாக மாற்றப்பட்டு, 1999இல் கலைக்கப்பட்டது. அதன் சொத்துகள் அரசைச் சேர்ந்தன. எவருடைய உழைப்பை அளவாகக் கொண்டு அந்நிதி திரட்டப்பட்டதோ, அவர்தம் வழித்தோன்றல்களுக்கு அது பயன்படவில்லை என்னும் குறை மலேசிய இந்தியரிடையே இன்றும் பேசப்படுகின்றது. 1951இல் மலாயாவில் உருவான ஊழியர் சேமநிதி மாறாகத் தனிக் கணக்கு முறையைத் தழுவியது. 2025 ஒக்ரோபர் முதல் குடியுரிமையற்ற தொழிலாளரும் அதில் நூற்றுக்கு 2 வீதம் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டுள்ளனர். தொழில்வழங்குநரும் அவ்வளவே செலுத்துகின்றார். கூலியின் தலையில் விதிக்கப்பட்ட அறவீட்டிலிருந்து கூலியின் பெயரிலான கணக்குக்கு வந்துசேர நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

3. விருந்தினராகக் கருதப்பட்ட மாணவர்

ஐக்கிய அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1935 ஆகஸ்ட் 14இல் கையொப்பமாயிற்று. 1937 சனவரி முதல் சம்பளத்தில் தொழிலாளி நூற்றுக்கு 1, தொழில்வழங்குநர் நூற்றுக்கு 1 என அறவீடு தொடங்கியது. விவசாயத் தொழிலாளரும் வீட்டுப் பணியாளரும் ஆரம்பத்தில் அதற்குப் புறத்தே விடப்பட்டனர். கறுப்பினத் தொழிலாளரில் பெரும்பாலானோர் இவ்விரு துறைகளிலேயே உழைத்தமையின், ‘விலக்கு’ என்னும் சொல்லின் பின்னால் ‘புறக்கணிப்பு’ மறைந்திருந்தது. அறவீட்டிலிருந்து விடுபடுதல் என்பது உரிமையிலிருந்தும் விடுபடுதலாகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அயல்நாட்டு மாணவருக்கான விலக்கு 1961இல் வந்தது. புல்பிரைட்–கேஸ் சட்டம் என அறியப்படும் கல்வி, பண்பாட்டுப் பரிவர்த்தனைச் சட்டம் அவ்வாண்டிலேயே நிறைவேறியது. கெடுபிடிப் போரின் உச்சக் காலம் அது. ஆசிய ஆபிரிக்க நாடுகளின் இளைஞரைத் தம் பல்கலைக்கழகங்களுக்கு ஈர்ப்பதில் இரு வல்லரசுகளும் போட்டியிட்டன. அச்சூழ்நிலையில், வதிவாளர் அல்லாத மாணவர் தம் கல்வி நோக்கத்தை ஒட்டிச் செய்யும் வேலைக்குச் சமூகப் பாதுகாப்பு அறவீடு இல்லை என விதிக்கப்பட்டது. மாணவர் விருந்தினர், சில ஆண்டுகளிற் திரும்பிச் செல்பவர், அமெரிக்க ஓய்வூதியம் பெறப்போகாதவர், எனவே அதற்குச் செலுத்தவும் வேண்டியதில்லை என்பதே அதன் தருக்கம். அக்காலத்தில் இத்தருக்கம் நேர்மையானதே.

வதிவாளர் யார், அல்லாதார் யார் என்பதை வரையறுக்கும் இன்றைய விதி 1984இல் இயற்றப்பட்டது. அதன்படி எஃப்-1 வகை மாணவர் முதல் ஐந்து பஞ்சாங்க ஆண்டுகளுக்கு வதிவாளர் அல்லாதவராகக் கணிக்கப்படுவர். ஆண்டின் ஒரு பகுதியில் மட்டும் அங்கிருந்தாலும் அது ஒரு முழு ஆண்டாகவே எண்ணப்படும். 2019 ஆகஸ்டில் முதுமாணிப் படிப்புக்குச் சென்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2019, 2020, 2021, 2022, 2023 ஆகிய ஐந்து ஆண்டுகளும் அவருக்கு விலக்குண்டு. 2024 சனவரி 1 முதல், அவர் மாணவ விசாவிலேயே இருந்தாலும், ஆண்டின் போதிய நாட்கள் அங்கிருப்பாராயின் வரிக்கு வதிவாளராகின்றார், அறவீடும் தொடங்குகின்றது. 1990 முதல் அதன் வீதம் தொழிலாளிக்கு நூற்றுக்கு 7.65, தொழில்வழங்குநருக்கு அதே அளவு. ஆண்டுக்கு 60,000 டொலர் பெறுபவரின் பங்கு 4,590 டொலர் ஆகும். கூட்டாட்சி வருமான வரிக்கு இவ்விலக்குப் பொருந்தாது. அது முதல் ஆண்டிலிருந்தே உண்டு.

4. மாணவர் உழைப்பாளியானமை

1961இன் தருக்கம் 1992க்குப் பின் மெல்ல நிலைகுலைந்தது. அவ்வாண்டில் குடிவரவுத் துறை பட்டம் பெற்ற மாணவர் 12 மாதங்கள் தம் துறையில் வேலைசெய்ய இடமளித்தது. விருப்பச் செய்முறைப் பயிற்சி என்பது அதன் பெயர். 2008 ஏப்ரலில் விஞ்ஞானம், தொழினுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய துறைகளில் பட்டம் பெற்றோர்க்கு மேலும் 17 மாதங்கள் வழங்கப்பட்டன. 2016இல் அது 24 மாதங்களாக உயர்ந்தது. ஆக மூன்றாண்டு உழைப்பு ‘பயிற்சி’ என்ற பெயரில் நிகழலாயிற்று. அமெரிக்கத் தொழினுட்பத் தொழிலாளர் சங்கமொன்று இதனை எதிர்த்து நீதிமன்றஞ் சென்றது. 2022இல் மேன்முறையீட்டு மன்றம் இத்திட்டத்தைச் செல்லுபடியானதெனத் தீர்த்தது. 2023இல் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது.

விருந்தினரான மாணவருக்கு அளிக்கப்பட்ட சலுகை இப்போது எவருக்குச் சலுகையாகின்றது? அயல்நாட்டுப் பட்டதாரிக்கு அறவீடு இல்லையெனில், தொழில்வழங்குநரும் தம் பங்கான நூற்றுக்கு 7.65ஐச் செலுத்த வேண்டியதில்லை. ஒரே சம்பளத்துக்கு அமெரிக்கப் பட்டதாரியை அமர்த்துவதிலும் அயல்நாட்டவரை அமர்த்துவது அவருக்கு அவ்வளவு மலிவாகின்றது. இதனை எடுத்துக்காட்டி, உள்நாட்டுத் தொழிலாளரின் வாய்ப்பு பறிபோகின்றது என வாதிடுவோர் இவ்விலக்கை நீக்கும் சட்டமூலங்களை 2025இலும் முன்வைத்தனர். அவ்வாதத்தின் பின்னால் குடிவரவாளர் மீதான காழ்ப்பும் கலந்திருக்கலாம். ஆயினும் அதன் பொருளியல் அடிப்படையை முற்போக்குச் சிந்தனையாளர் அலட்சியம் செய்தல் ஆகாது. ஒரு பகுதித் தொழிலாளரின் உழைப்பைச் சட்டத்தால் மலிவாக்கி, மற்றொரு பகுதியினருக்கு எதிராக நிறுத்துதல் முதலாளித்துவத்தின் பழைய வழக்கமாகும். அதனைத் தோட்டத் தொழிலாளரின் வரலாற்றிலும் காண்கின்றோம். மலிவாக்கப்பட்டவரைப் பகைப்பது அதற்குப் பரிகாரமாகாது. மலிவாக்கும் ஏற்பாட்டை அகற்றுவதே பரிகாரமாகும்.

விலக்கு பிழையாகக் கையாளப்படுவதும் உண்டு. வதிவாளர் அல்லாத மாணவரின் சம்பளத்திலிருந்து தொழில்வழங்குநர் அறியாமையால் பிடித்துவிடின், முதலில் அவரிடமே திருப்பிக் கேட்டல் வேண்டும். அவர் மறுப்பாராயின் இறைவரிச் சேவைக்கு 843ஆம், 8316ஆம் இலக்கப் படிவங்களின் மூலம் விண்ணப்பிக்கலாம். மாறாக, எச்-1பி விசாவுக்கு மாறிய நாளிலிருந்து, ஐந்தாண்டு நிறைவுறாவிடினும், விலக்கு அற்றுப்போகும். பெரும்பாலும் ஒக்ரோபர் 1 அந்நாளாக அமையும். இவ்விதிகளைப் புறப்படுமுன்னரே நம் மாணவர் அறிந்திருத்தல் நன்று.

5. பத்தாண்டும் ஆறாண்டும்

அமெரிக்க முதுமை ஓய்வூதியத்துக்கு 40 காலாண்டு வரவுகள், அதாவது ஏறத்தாழப் பத்தாண்டு உழைப்பு வேண்டும். எச்-1பி விசாவோ பொதுவாக ஆறாண்டுக்கு மேற்படாது. நிரந்தர வதிவுக்கான விண்ணப்பம் நிலுவையிலுள்ளோர்க்கு மட்டுமே நீடிப்பு உண்டு. மேற்கூறிய மாணவர் 2024 தொடக்கத்திலிருந்து செலுத்தத் தொடங்கி, அவ்வாண்டு ஒக்ரோபரில் எச்-1பி பெற்று, ஆறாண்டு முடிய நாடு திரும்புவதாகக் கொள்வோம். ஏறத்தாழ ஏழாண்டு அவர் செலுத்தியிருப்பார். 28 வரவுகளுக்கு மேல் அவரிடம் இரா. செலுத்திய பணம் திருப்பியளிக்கப்படுவதில்லை. வரிச் சட்டம் அவரை வதிவாளர் என்கின்றது. குடிவரவுச் சட்டம் அவரைத் தற்காலிக வருகையாளர் என்கின்றது. இவ்விரு வரையறைகளுக்கும் இடையிலான வெளியில் அவரது ஏழாண்டுச் செலுத்துகை மறைந்துபோகின்றது.

இவ்வெளியை அடைக்கும் கருவி நாடுகளுக்கிடையிலான சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கையாகும். இரு நாடுகளிலும் உழைத்த ஆண்டுகளைக் கூட்டிக் கணக்கிட அது இடமளிக்கின்றது. ஐக்கிய அமெரிக்கா முப்பதளவான நாடுகளுடன் இத்தகைய உடன்படிக்கைகளைச் செய்துள்ளது. அவற்றுட் பெரும்பாலானவை ஐரோப்பிய நாடுகள். இந்தியாவோ இலங்கையோ அவற்றுள் இல்லை. இலங்கைக்கும் ஐக்கிய அமெரிக்காவுக்கும் இடையில் 1985இற் கையொப்பமாகி 2004இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை இரட்டை வருமான வரியைத் தவிர்ப்பது மட்டுமே. சமூகப் பாதுகாப்பை அது தீண்டவில்லை. இந்தியா 2008 ஒக்ரோபரில் தன்னாட்டில் உழைக்கும் அயல்நாட்டவரையும் சேமநிதிக்குச் செலுத்தச் செய்து, பேரம் பேசுதற்கான ஒரு பலத்தைத் தேடிக்கொண்டது. பெல்ஜியம், ஜெர்மனி, கொரியா, யப்பான் முதலிய நாடுகளுடன் அது உடன்படிக்கை கண்டது. ஐக்கிய அமெரிக்காவுடன் நிகழ்ந்த நீண்ட பேச்சுகள் பயன்தரவில்லை.

பிரித்தானியாவில் மாணவருக்குத் தேசிய காப்புறுதியில் தனி விலக்கு இல்லை. வாசல் எல்லையைக் கடந்த சம்பளத்தில் 2024 ஏப்ரல் முதல் நூற்றுக்கு 8 பிடிக்கப்படுகின்றது. 2016 ஏப்ரலுக்குப் பிந்திய ஓய்வூதிய முறையின்படி குறைந்தது பத்து ஆண்டுகள் நிறைவுசெய்தாலன்றி எதுவும் கிடைக்காது. 2021 யூலையில் தொடங்கிய பட்டதாரி விசா அளிக்கும் காலம் பத்தாண்டுக்கு மிகக் குறைந்தது. இதன்மேல், தேசிய சுகாதாரச் சேவைக்காக 2015 முதல் தனிக் கட்டணமொன்றும் அறவிடப்படுகின்றது. 2024 பெப்ரவரி முதல் அது பட்டதாரி விசாவில் உள்ளோர்க்கு ஆண்டுக்கு 1,035 பவுண். வரியும் காப்புறுதியும் செலுத்தும் ஒருவர் அதே சேவைக்கு மீண்டும் செலுத்துகின்றார். பத்தாண்டை நிறைவுசெய்து ஓய்வூதியம் பெற்று இலங்கைக்குத் திரும்புவோர்க்கும் அங்குள்ளோர்க்குரிய ஆண்டு உயர்வு வழங்கப்படுவதில்லை. 2025 யூலையில் இந்தியாவும் பிரித்தானியாவும் வணிக உடன்படிக்கையிற் கையொப்பமிட்டபோது, இரட்டைச் செலுத்துகையைத் தவிர்க்கும் ஏற்பாட்டுக்கும் இணங்கின. ஆனால் மூன்றாண்டு வரையான அவ்விலக்கு கம்பனிகளால் அனுப்பப்படும் ஊழியருக்குரியது. அங்கே கற்று அங்கேயே வேலை தேடிக்கொண்ட மாணவருக்குரியதன்று. கம்பனிகளின் தேவை பேச்சுவார்த்தை மேசைக்குச் செல்வதும் தனித்து நிற்கும் மாணவரின் தேவை செல்லாதிருப்பதும் கவனத்துக்குரியன.

அவுஸ்திரேலியா வேறு வழியைக் கைக்கொண்டது. 1992இல் கட்டாயமாக்கப்பட்ட ஓய்வுக்கால நிதியில் தொழில்வழங்குநர் செலுத்துவது தொழிலாளியின் தனிக் கணக்கைச் சேரும். 2025 யூலை முதல் அது சம்பளத்தின் நூற்றுக்கு 12. தற்காலிக விசாவில் இருந்தவர் நாட்டை விட்டு நீங்கியபின் அதனைப் பெறலாம். ஆனால் பெரும்பாலானோரிடம் நூற்றுக்கு 35 வரியாகக் கழிக்கப்படும். நூற்றுக்கு 35 சிறு தொகையன்று. இருப்பினும் உரிமை என்ற கொள்கை அங்கு ஏற்கப்பட்டுள்ளது.

6. நம் வரலாற்றில் ஒரு முன்மாதிரி

உழைத்தவர் நாட்டை விட்டு நீங்கும்போது அவர் பெயரிலான நிதியும் அவருடன் செல்லவேண்டும் என்பது அயலிலிருந்து நாம் கற்கவேண்டிய கொள்கையன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரிற் பெரும்பாலானோர் நாடற்றோராயினர். ஆயினும் 1958இல் சேமலாப நிதி வந்தபோது தோட்டத் தொழிலாளரும் அதனுள் அடங்கினர். குடியுரிமை மறுக்கப்பட்டவரின் கூலியிலும் பிடித்தம் நிகழ்ந்தது. 1964 ஒக்ரோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை கைச்சாத்தானது. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. அம்மக்களைக் கேளாமலே அவர்தம் தலைவிதியை எண்களாகப் பங்கிட்ட அவ்வுடன்படிக்கையை நாம் மெச்சுதற்கில்லை. ஆனால் அதில் ஒரு விதி உண்டு. இந்தியா செல்வோர் தம் சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் உள்ளிட்ட சொத்துகளை எடுத்துச் செல்ல இலங்கை அரசு இணங்கியது. குடும்பமொன்று எடுத்துச் செல்லக்கூடிய உச்சத் தொகையை 4,000 ரூபாவுக்குக் கீழ்க் குறைப்பதில்லை எனவும் உறுதியளித்தது. நடைமுறையில் அந்நிதியைக் கைப்பெறுவதில் நேர்ந்த தாமதங்களும் அலைச்சல்களும் பலவாம். எனினும், வாக்குரிமையும் குடியுரிமையும் மறுக்கப்பட்ட தொழிலாளிக்குக்கூட, அவர் உழைப்பின் சேமிப்பு அவருக்கே உரியது என்பதை இரு அரசுகளும் எழுத்தில் ஒப்புக்கொண்டன. 1964இல் நாடற்ற தோட்டத் தொழிலாளிக்கு ஏற்கப்பட்ட இக்கொள்கை இன்று அமெரிக்காவிலோ பிரித்தானியாவிலோ உழைக்கும் நம் பட்டதாரிக்கு ஏற்கப்படவில்லை.

கீழைக்கரையின் வளைகுடா உழைப்பாளர் நிலை மூன்றாவது வகையினது. அங்கு சம்பளத்தில் வருமான வரி இல்லை. அயல்நாட்டவருக்கு ஓய்வூதியக் காப்புறுதியும் இல்லை. வேலை முடிவிற் கிடைக்கும் பணிக்கொடையே அதற்கு ஈடாகக் கருதப்படுகின்றது. சவூதி அரேபியச் சட்டப்படி முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு அரைமாதச் சம்பளமும், அதன்பின் ஆண்டொன்றுக்கு ஒருமாதச் சம்பளமும் அதுவாகும். நிதி எதுவும் தனியே ஒதுக்கப்படாதவிடத்து, கம்பனி முறிந்தால் பணிக்கொடையும் முறியும். “வரியில்லாச் சம்பளம்” என நம் ஊர்களில் மகிழ்வுடன் பேசப்படுவது, முதுமைக்கு எதுவும் சேராத சம்பளமுமாகும். இருபது ஆண்டு அங்கு உழைத்துத் திரும்பிய தந்தைக்கும், ஏழாண்டு அமெரிக்காவில் செலுத்தித் திரும்பிய மகனுக்கும் ஓய்வூதியம் இல்லை. ஒருவர் செலுத்தாததால் பெறவில்லை. மற்றவர் செலுத்தியும் பெறவில்லை.

7. முடிவாக

இவ்வரலாற்றில் நான்கு நிலைகள் புலப்படுகின்றன. மலாயாவில் தொழிலாளியின் பெயரால் அறவிடப்பட்டு அவருக்கு உரிமையற்றதாயிற்று. மாணவ விலக்கில் அறவீடும் இல்லை, உரிமையும் இல்லை. மலிவு தொழில்வழங்குநரைச் சேர்ந்தது. பட்டத்துக்குப் பிந்திய நீடித்த உழைப்பில் அறவீடு உண்டு, உரிமை இல்லை. தனிக் கணக்கு முறையில் மட்டுமே அறவீடும் உரிமையும் ஓரளவுக்கேனும் ஒன்றையொன்று தொடர்கின்றன. ஆகவே அயல்நாட்டுப் பட்டதாரி மாணவர் அறவீட்டுக்கு உட்பட வேண்டுமா, விலக்கப்பட வேண்டுமா என்ற வடிவில் விவாதம் நிகழும்வரை தீர்வு கிட்டாது. விலக்கை நீக்குவோர் உரிமையையும் உடன் வழங்குவரா என்பதே கேட்கப்பட வேண்டியது. உரிமையின்றி விலக்கு மட்டும் நீக்கப்படின், நான்கு நிலைகளுட் கொடியதான மூன்றாவது நிலைக்கே மாணவர் விரைவிற் தள்ளப்படுவர்.

சர்வதேசச் சட்டம் இதற்கு ஒரு வாயிலைத் திறந்து வைத்துள்ளது. புலம்பெயர் தொழிலாளர் உரிமைகள் குறித்து 1990இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற சமவாயத்தின் 27ஆம் உறுப்புரை, சமூகப் பாதுகாப்பில் சமநிலையை வற்புறுத்துவதோடு, பயன் வழங்க இயலாதவிடத்துச் செலுத்திய தொகையைத் திருப்பியளித்தல் பற்றி ஆராயுமாறும் அரசுகளைக் கோருகின்றது. தென்கிழக்குப் பல்கலைக்கழகம் தரமுயர்ந்த 1996ஆம் ஆண்டிலேயே இலங்கை அச்சமவாயத்தில் இணைந்தது. தொழிலாளரை வரவேற்கும் மேலைநாடுகளும் வளைகுடா நாடுகளும் இன்றுவரை இணையவில்லை. அனுப்பும் நாடுகள் கையொப்பமிட, பெறும் நாடுகள் விலகி நிற்கும் இந்நிலை தற்செயலானதன்று.

இலங்கை அரசு செய்யக்கூடியவை உள. புலம்பெயர்ந்தோர் அனுப்பும் பணத்தைப் பொருளாதாரத்தின் தூணெனப் போற்றும் அரசு, அவர்தம் முதுமைக்கான உடன்படிக்கைகளை வெளிநாட்டுக் கொள்கையின் பகுதியாக்குதல் வேண்டும். வணிகப் பேச்சுகளில் கம்பனி ஊழியருக்கு மட்டுமன்றி, கற்கச் சென்று உழைக்கும் மாணவருக்கும் அவ்வுடன்படிக்கைகள் பொருந்துமாறு வற்புறுத்துதல் வேண்டும். பல்கலைக்கழகங்கள் புறப்படும் மாணவருக்கு விசா விதிகளோடு சம்பளப் பிடித்தத்தின் விதிகளையும் தமிழிற் கற்பித்தல் வேண்டும். 1907இன் தொழிலாளி தம் பெயரால் எவ்வளவு அறவிடப்பட்டது என்பதை அறிந்திரார். அறிந்திருந்தாலும் கேட்டிருக்க இயலாது. இன்றைய பட்டதாரியின் கையில் சம்பளச் சீட்டு உண்டு. அதிலுள்ள ஒவ்வொரு வரியையும் வாசிக்கும் கல்வியும் உண்டு. அக்கல்வியைத் தனிமனித ஆதாயத்துக்கு அப்பால், எழுதப்படிக்கத் தெரியாத காரணத்தால் பணிக்கொடையை இழந்த தம் ஊரவருக்காகவும் பயன்படுத்துவாராயின், ஒலுவிலில் எழுந்த பல்கலைக்கழகத்தின் நோக்கம் நிறைவேறியதாகக் கொள்ளலாம்.